பெரியம்மாவுக்கு வந்த லூபஸ் எனக்கும் வந்திருக்கிறது, கிட்னியும் போய்விடுமா?

வந்த கடிதம்

திருப்பூர் பக்கத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு விரல் மூட்டுகளில் வலி, வெயிலில் போனால் கன்னம் சிவப்பது, தலை வாரினால் கொத்தாக முடி வருவது என்று ஆரம்பித்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று தெரிந்து, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தார். 'அந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கும், கிட்னியைக் கெடுக்கும்' என்று உறவினர் ஒருவர் சொன்னதால் ஐந்து மாதத்துக்கு முன்பு நிறுத்திவிட்டு, 'ரத்த சுத்திக்கு' என்று ஒருவர் கொடுத்த சிவப்புப் பொடியை இரண்டு மாதம் சாப்பிட்டிருக்கிறார்.

இப்போது கணுக்காலில் வீக்கம், சிறுநீரில் நுரை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 1.4 கிராம். சிறுநீரில் சிவப்பணுக்களும் இருக்கின்றன. சி3 (எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த ஒரு ரத்தப் புரதம்) குறைவு, ரத்த அழுத்தம் 138/90. கிரியாட்டினின் (ரத்தத்திலிருந்து கிட்னி வெளியேற்றும் ஒரு கழிவு) 0.8, நோய் தெரிந்த சமயத்தில் அது 0.5. மருத்துவர் கிட்னி பயாப்ஸி (ஊசியால் கிட்னியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்யவேண்டும் என்கிறார். வீட்டில் பயம். காரணம், இவருடைய பெரியம்மா லூபஸ் வந்து, கிட்னி செயலிழந்து, டயாலிசிஸில் இருந்து 1998-இல் தன் 34-ஆவது வயதில் இறந்தவர். 'நம்ம வம்சத்துல பொம்பளைங்களுக்கு இது எழுதி வெச்சிருக்கு' என்று அம்மா அழுகிறார். ஒரு தனியார் லேபில் ஜீன் டெஸ்ட் எடுத்தால் கிட்னி கெடுமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்களே, எடுக்கலாமா? பயாப்ஸி ஊசி கிட்னியைக் கெடுத்துவிடாதா? தாய்மாமா மகனோடு கல்யாணம் பேசியிருக்கிறார்கள். சொல்லவேண்டுமா, குழந்தைக்கும் வருமா? 19 வயதுத் தங்கைக்கும் டெஸ்ட் எடுக்கவேண்டுமா? இவைதான் கேள்விகள்.

சிறுநீரக மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றில் காத்திருக்க முடியாதது ஒன்றுதான், அது பயாப்ஸி. ஆனால் கடிதத்தில் முக்கால்வாசி பரம்பரையைப் பற்றியும், பயாப்ஸியைப் பற்றி நாலே வரியும் எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவைப் பார்த்து வளர்ந்த வீட்டில் அது இயல்புதான். இருந்தாலும் நான் வரிசையை மாற்றிக்கொள்கிறேன்.

கிரியாட்டினின் 'நார்மல்' என்பது

'கிரியாட்டினின் 0.8தானே, லேப் நார்மல் என்றுதானே போட்டிருக்கிறது' என்று கேட்டிருக்கிறீர்கள். லேப் அச்சடிக்கும் அளவு எல்லாருக்கும் பொதுவானது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மூட்டை தூக்குகிற ஆணுக்கு 1.1 சாதாரணமாக இருக்கலாம். 50 கிலோ எடையுள்ள உங்களுக்கு 0.5தான் சொந்த அளவு. அது 0.8 ஆவது என்றால் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது என்று பொருள். லேப் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடாததால் யாருடைய கண்ணிலும் படவில்லை. பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தீர்களே, அது பெரிய உதவி.

இன்னொன்று: லூபஸில் கிட்னி பாதிக்கப்படும்போது கிரியாட்டினின் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். முதலில் சிறுநீர்தான் சொல்லும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் 150 மில்லிகிராமுக்குள் புரதம் போகும். லூபஸ் உள்ளவருக்கு அது 500 மில்லிகிராமைத் தாண்டினாலே பயாப்ஸி யோசிக்கவேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நடைமுறை. உங்களுக்கு 1400. கூடவே சிவப்பணுக்கள், சி3 குறைவு, ஏறிய ரத்த அழுத்தம். லூபஸ் கிட்னியைத் தொட்டிருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. எந்த விதமாகத் தொட்டிருக்கிறது என்பதுதான் தெரியவேண்டும். அதை ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ சொல்லாது.

லூபஸால் வரும் இந்தக் கிட்னி பாதிப்பை, அதாவது லூபஸ் நெஃப்ரைட்டிஸை, ஆறு வகையாகப் பிரிக்கிறோம். 1, 2 வகைகள் லேசானவை. லூபஸுக்கான வழக்கமான மருந்தும் கண்காணிப்பும் பெரும்பாலும் போதும். 3, 4 வகைகளில் கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகளுக்குள் கொதிப்பு நடந்துகொண்டிருக்கும். உடனே பலமான மருந்து வேண்டும், விட்டால் மாதக்கணக்கிலேயே தழும்பாகிவிடும். 5-ஆம் வகையில் புரதம் நிறையப் போகும், ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. 6 என்பது எல்லாம் தழும்பான நிலை. அங்கே பலமான மருந்து கொடுத்தால் பக்கவிளைவுதான் மிஞ்சும். இந்த ஆறும் வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 1.4 கிராம் புரதம் போகிற ஒருவருக்கு 3, 4, 5 எதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது: அந்தச் சிவப்புப் பொடி. செந்தூரம், பஸ்பம் என்ற பெயரில் வரும் சிலவற்றில் பாதரசம் இருக்கும். பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற, புரதம் ஒழுகும் கிட்னி நோய் வருவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இது வெளித்தோற்றத்தில் லூபஸின் 5-ஆம் வகையைப் போலவே இருக்கும். பயாப்ஸித் துண்டில் குறிப்பிட்ட சாயங்கள் போட்டுப் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லமுடியும். கன்னத்துச் சிவப்புக்காக சிவப்பழகு க்ரீம் ஏதாவது தடவியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சிலவற்றில் அதே பாதரசம்தான்.

பயாப்ஸியில் என்ன நடக்கும்

உங்கள் பயத்தில் பாதி, என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் விவரமாகச் சொல்லாததால் வந்தது என்று நினைக்கிறேன். முந்தின நாள் ரத்தம் உறைவதற்கான டெஸ்டுகள், பிளேட்லெட் எண்ணிக்கை பார்ப்பார்கள். ரத்த அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்கள். 138/90 என்பதற்கு முதலில் மாத்திரை கொடுப்பார்கள். குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு துணிச்சுருளை வைத்து, ஸ்கேனில் கிட்னியைப் பார்த்துக்கொண்டே முதுகில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். 'மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா' என்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற ஒரு 'டக்' சத்தம் கேட்கும். சத்தத்துக்குத்தான் பெரும்பாலானோர் திடுக்கிடுவார்கள், வலிக்கு இல்லை. இப்படி இரண்டு அல்லது மூன்று முறை. வருவது பென்சில் முனையைவிட மெல்லிய நூல் போன்ற துண்டு. அதில் 10, 20 வடிகட்டிகள் இருக்கும். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. ஊசியால் கிட்னி கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கே பதில்.

அப்புறம் சுமார் ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கவேண்டும், அதுதான் உண்மையான சங்கடம். சிறுநீரை ஒவ்வொரு முறையும் நிறம் பார்ப்பார்கள். நூற்றில் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகத் தெளியும். ரத்தம் ஏற்றவேண்டிய அளவுக்குக் கசிவது நூற்றில் ஒருவருக்கு அருகில். அதற்கும் மேலே போய்த் தனிச் சிகிச்சை தேவைப்படுவது அதைவிடக் குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். வகை தெரியாமல் குத்துமதிப்பாக ஸ்டீராய்டு சாப்பிடுவதில் இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சின்னது. ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'ஒரு மாசம் பத்தியமா இருந்து பார்க்கிறோம்' என்று அம்மா கேட்டாராம். உப்பைக் குறைப்பது நல்லதுதான், குறையுங்கள். ஆனால் பத்தியம் 4-ஆம் வகையை நிறுத்தாது.

பெரியம்மாவின் காலம்

பெரியம்மா இறந்தது 1998-இல். இந்த வருடத்தை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அப்போது தீவிரமான லூபஸ் நெஃப்ரைட்டிஸுக்கு இருந்தது பெரும்பாலும் இரண்டே ஆயுதம்: நிறைய ஸ்டீராய்டு, நிறைய சைக்ளோஃபாஸ்ஃபமைடு. இரண்டாவது மருந்து கருப்பையோரத்துச் சினைப்பையைப் பாதிக்கும், கிருமித் தொற்றை இழுத்துவரும். பயந்து பாதியில் விட்டவர்கள் ஏராளம். மைக்கோஃபினலேட் என்ற மாத்திரை இந்த நோய்க்கு அதற்கு ஈடாக வேலை செய்கிறது என்று ஹாங்காங் மருத்துவர்கள் வெளியிட்டது 2000-இல். சைக்ளோஃபாஸ்ஃபமைடையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறே ஊசி போட்டால் போதும் என்ற ஐரோப்பிய ஆய்வு வந்தது 2002-இல். டாக்ரோலிமஸ், பெலிமுமாப், வோக்ளோஸ்போரின் என்ற மருந்துகள் எல்லாம் இந்த நோய்க்கு அதற்கும் பிறகு கைக்கு வந்தவை. பெரியம்மாவுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

ஆகவே, ஒரே குடும்பம், ஒரே நோய் என்பதால் ஒரே முடிவு என்று கணக்குப் போடாதீர்கள். லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கிட்னி பாதிக்கப்படுகிறது. ஆசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். அதுவும் பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள். ஆனால் இவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்கள் சிறுபான்மைதான். நான் பார்க்கிற வரையில் அப்படிப் போகிறவர்களில் பலர் தாமதமாக வந்தவர்கள், இல்லாவிட்டால் நடுவில் மருந்தை விட்டவர்கள்.

பரம்பரை எவ்வளவு?

இப்போது அம்மாவின் 'எழுதி வெச்சிருக்கு'. லூபஸில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கமுடியாது. எவ்வளவு பங்கு என்பதற்கு இரட்டையர்களைப் பார்ப்பதுதான் எளிய வழி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று. அப்படிப்பட்டவர்களில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 24 ஜோடிகளில்தான் என்று 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் அது 2. அதாவது மரபணு அச்சு மாறாமல் இருந்தும் நாலில் மூன்று பேருக்கு வரவில்லை. தைவானில் நாட்டு மக்கள் அனைவரின் காப்பீட்டுப் பதிவுகளையும் வைத்து 2015-இல் செய்த கணக்கில், நோய் வருவதில் மரபணுவின் பங்கு 44 சதவீதம் என்று வந்தது. மீதி வெயில், வைரஸ் தொற்று, புகை, ஹார்மோன், இன்னும் பிடிபடாத பல.

மரபணு என்று சொல்வதும் ஒன்று இல்லை. லூபஸோடு தொடர்புள்ளதாக நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். இவை என்ன செய்கின்றன என்று பார்த்தால் கிட்னி ஏன் மாட்டிக்கொள்கிறது என்பது புரியும். உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. அந்தக் கழிவை அள்ளுவதற்கு சி1க்யூ போன்ற புரதங்கள் இருக்கின்றன. நகராட்சி வண்டி நாலு நாள் வராத தெரு மாதிரி, அள்ளுவது தாமதமானால் செல்லுக்குள் இருந்த டி.என்.ஏ. வெளியே கிடக்கும். அதை எதிரி என்று நினைத்து உடம்பு எதிர்ப்புரதம் தயாரிக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் டி.எஸ்.டி.என்.ஏ. பாசிட்டிவ் என்று இருப்பது அதுதான். ஐ.ஆர்.எஃப்.5, ஸ்டாட்4 போன்ற ஜீன்களின் சில வடிவங்கள் இந்த எச்சரிக்கை மணியை ஓயாமல் அடிக்கவைக்கும். எதிர்ப்புரதமும் டி.என்.ஏ.வும் பிணைந்த கட்டிகள் ரத்தத்தில் சுற்றி, ரத்தத்தை வடிகட்டும் இடமான கிட்னியில் போய்த் தங்குகின்றன. சில அங்கேயே உருவாகவும் செய்கின்றன. அங்கே எரிச்சல் கிளம்பி சி3, சி4 செலவாகின்றன. சி3 குறைவு என்பதன் பொருள் இது. ஸ்டாட்4-இன் ஒரு வடிவம் கிட்னி பாதிப்போடு சற்றுக் கூடுதலாகத் தொடர்புடையது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அது இருந்தும் கிட்னி நன்றாக இருப்பவர்கள், இல்லாமலே கெட்டவர்கள் இரண்டு பக்கமும் நிறையப் பேர்.

'ஏன் பொம்பளைங்களுக்கு மட்டும்' என்ற அம்மாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. லூபஸ் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், எல்லா நாட்டிலும், எல்லா வம்சத்திலும். பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அதில் ஒன்று அடங்கிக் கிடக்கவேண்டும், ஆனால் டி.எல்.ஆர்.7 போன்ற சில ஜீன்கள் முழுதாக அடங்குவதில்லை. இந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் சிறுவயதிலேயே கடுமையான லூபஸ் வந்த ஸ்பெயின் நாட்டுச் சிறுமியைப் பற்றி 2022-இல் எழுதினார்கள். கூடுதலாக ஒரு எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கும் லூபஸ் ஆபத்து மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு. ஆகவே இதில் உங்கள் குடும்பத்துப் பெண்களுக்கென்று தனிச் சாபம் எதுவும் இல்லை.

ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

என் பதில்: வேண்டாம். ஒரு டெஸ்ட் எடுக்கிறோம் என்றால், வரும் பதிலால் சிகிச்சை மாறவேண்டும். உங்களுக்கு மாறாது. 'ஆபத்து அதிகம்' என்று வந்தாலும் பயாப்ஸி, அதே மருந்து. 'குறைவு' என்று வந்தாலும் 1.4 கிராம் புரதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதோடு, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பியர், கிழக்காசியர் ரத்தத்தில் செய்தவை. அந்தக் கணக்கை அப்படியே கொங்கு நாட்டுக் குடும்பத்துக்குப் பொருத்துவது சரிவராது.

இணையத்தில் படித்து ஏ.பி.ஓ.எல்.1 ஜீனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உண்மையிலேயே பலமான ஜீன்; அதன் இரண்டு பிரதிகளும் ஆபத்தான வடிவில் இருந்தால் லூபஸ் நெஃப்ரைட்டிஸ் வேகமாகக் கிட்னிச் செயலிழப்புக்குப் போகிறது. ஆனால் அந்த வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம்தான் இருக்கின்றன. அங்கே ஈ கடித்துப் பரவும் தூக்க நோயிலிருந்து காப்பாற்றியதால் தலைமுறைகளாகத் தங்கிவிட்டவை அவை. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு இது பெரிய விஷயம். நம்மிடம் அது நடைமுறையில் கிடையாது.

ஜீன் டெஸ்ட் பயன்படும் இடம் வேறு: ஐந்தாறு வயதிலேயே லூபஸ் வந்த குழந்தை, சிறு வயதுப் பையன், கூடப்பிறந்த இரண்டு மூன்று பேருக்கு வந்த குடும்பம், பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருப்பது. அங்கே சி1க்யூ போன்ற ஒரே ஜீன் முழுதாகப் பழுதாகியிருக்கலாம். சி1க்யூ இல்லாமல் பிறப்பவர்களில் பெரும்பாலானோருக்கு லூபஸ் மாதிரி நோய் வந்தே தீரும். 24 வயதில் ஆரம்பித்த உங்கள் நோய் அந்த ரகம் இல்லை.

நிறுத்திய மாத்திரை

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நீங்கள் நிறுத்தியதுதான் இதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கிட்னி பாதிப்பு வருவது உண்டு. ஆனால் 1991-இல் வெளியான கனடா ஆய்வில், நன்றாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரையை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுத்தபோது, ஆறு மாதத்துக்குள் நோய் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கானது. கிட்னியைக் கெடுக்கும் என்று உறவினர் சொன்னது தலைகீழ். இது கிட்னியைக் காக்கிற மாத்திரை. கண் விஷயத்தில் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. எடைக்குக் கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராமுக்குள் இருந்தால், முதல் பத்து வருடத்தில் விழித்திரை பாதிப்பு நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. உங்களுக்கு 250 வரை போகலாம், எடுத்தது 200. தொடக்கத்தில் ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் கழித்து ஆண்டுதோறும் கண் பரிசோதனை. கிட்னி வேலை குறைந்திருந்தால் இன்னும் முன்னதாகவே. மருத்துவரிடம் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அந்தப் பொடியை இனித் தொடாதீர்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையறாவும் வேண்டாம்.

பயாப்ஸிக்குப் பிறகு ஸ்டீராய்டும் மைக்கோஃபினலேட்டும் என்று வந்தால், முதலில் காசநோய், மஞ்சள் காமாலை பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தடுப்பூசிகள் போடச் சொல்வார்கள். பலமான கட்டம் சில மாதம், பராமரிப்பு குறைந்தது மூன்று வருடம். ஆறாவது மாதம் வீக்கம் வடிந்து, முகம் உப்பியது மட்டும் மிச்சமாகத் தெரியும்போது நிறுத்தலாம் என்று தோன்றும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, இதை அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

கல்யாணம், குழந்தை, தங்கை

மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டுமா என்றால், சொல்லவேண்டும். பெரியவர்கள் வழியாக இல்லாமல் நீங்களே அவரிடம் சொல்வது மேல். இதில் இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் பெரியம்மா அவருக்கு அத்தை. அந்த வீடும் அந்தச் சாவைப் பார்த்த வீடுதான். நீங்கள் மறைத்தாலும் தினமும் மாத்திரை போடுவதை அவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? 1998-க்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க, அவரையும் ஒருநாள் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போகலாம்.

சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்கு லூபஸ் உறுதி என்ற பேச்சு தவறு. தாய்க்கு லூபஸ் இருந்தால் குழந்தைக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்குள்தான். பெண் குழந்தைக்குக் கூடுதல், பையனுக்கு மிகக் குறைவு. அவரும் உங்கள் தாய்வழி என்பதால் அது கொஞ்சம் கூடலாம். லூபஸை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மாமன் மகன், அத்தை மகள் என்று கட்டும்போது குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு சாதாரணமாக உள்ள நூற்றுக்கு 2, 3 என்பதிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதைத் தெரிந்துகொண்டு இரு வீடும் முடிவெடுக்கட்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பிள்ளைப்பேற்றைத்தான் தள்ளிவைப்பேன்.

நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்தால்தான் கர்ப்பம் தரிக்கலாம். மைக்கோஃபினலேட் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே அதை நிறுத்தி அசதியோப்ரினுக்கு மாற்றவேண்டும். புரதத்தைக் குறைக்கக் கொடுக்கும் சில பி.பி. மாத்திரைகளையும் அப்படியே மாற்றவேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கர்ப்பத்திலும் தொடரும். அதுவரை கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை வேண்டாம், வேறு வழிகளை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ஆன்டி-ரோ என்ற எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டை இப்போதே எடுத்துவைப்பது நல்லது. அது பாசிட்டிவாக இருந்தால் நூறு குழந்தைகளில் இரண்டுக்கு இதயத் துடிப்புக் கோளாறு வரக்கூடும், முன்கூட்டித் தெரிந்தால் வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் கவனிக்கலாம்.

தங்கைக்கு ஏ.என்.ஏ. டெஸ்ட் (லூபஸ் சந்தேகம் வந்தால் முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்காதீர்கள். எந்த நோயும் இல்லாத நூறு பேரிடம் பார்த்தால் பத்துப் பதினைந்து பேருக்கு லேசாகப் பாசிட்டிவ் வரும். லூபஸ் உள்ளவரின் கூடப்பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் 19 வயதுப் பெண் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கமுடியாமல் கிடப்பாள். வாரக்கணக்கில் மூட்டு வலி, வெயில் ஒவ்வாமை, வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், கால் வீக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் அப்போது பார்க்கலாம். அம்மா மனசு ஆறவில்லை என்றால் வருடத்துக்கு ஒருமுறை சாதாரண யூரின் டெஸ்டும் பி.பி.யும் போதும். மாதவிடாய் நாட்களில் எடுக்கவேண்டாம், ரத்தம் கலந்து குழப்பும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜீன் டெஸ்டுக்கு எடுத்துவைத்த பணத்தை பயாப்ஸிக்கும் மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்த வழி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தால், இதில் எதெல்லாம் அடங்கும் என்று மருத்துவமனையில் காப்பீட்டு உதவி மேஜையில் கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிறுநீரகப் பிரிவு உண்டு. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், அந்தப் பொடி மிச்சம் இருந்தால் டப்பாவோடும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்த் தேதி வாங்கிவிடுங்கள். அதற்குள் மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ தேதிக்குக் காத்திருக்கவேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.